ஆறு

இந்த ஊரில் மழை பெய்வதில்லை,
மேகம் மலையை விட்டு இறங்கி வந்து
சட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.
கோபான். மே மாதம். வியாழன் மதியம்.
அரசு வழக்குத்தொடுநர் அலுவலகம், இரண்டாம் மாடி.
கீழே கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டைகள்.
கோப்புகளிலும் ஏறிவிட்டது வாசம்,
கொலை வழக்கும் மணக்கும், நில வழக்கும் மணக்கும்.

நான் மொழிபெயர்ப்பாளன்.
கெக்சியில் அழுவதை
ஸ்பானியத்தில் பத்தி பிரித்துத் தருவது உத்தியோகம்.

தலைநகரில் ஒரு நீண்ட மேசை.
சட்டக் கல்லூரி முதல்வர்கள், வக்கீல் சங்கத்தார்,
வந்த விண்ணப்பங்களைச் சலித்துச் சலித்து
ஆறு பெயர்கள் எடுத்து வைக்க வேண்டும்.
ஆறில் ஒன்றை அதிபர் தொடுவார்.
தொட்ட பெயர் அட்டர்னி ஜெனரல்.
அப்புறம் நான்கு வருடம்
எந்தக் கோப்புக்குக் கால், எதற்குப் பாய் என்பது
அந்தப் பேனாவின் விருப்பம்.

எங்களிடம் இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு.
பனை எண்ணெய் ஆலையின் கழிவுக்குட்டை
இரவில் உடைந்ததா, உடைக்கப்பட்டதா.
மூன்று நாள்
வெள்ளை வயிறுகளாக ஓடியது ஆறு.
ஆலையின் பங்குதாரர் பட்டியலில்
நாலாவது வரி
அதிபரின் மச்சான்.

டெல்ஃபினா காலின் மேசைக்கடியில் ஒரு சூட்கேஸ்.
போன வாரம் வரை அங்கே குடை இருந்தது.
அவருக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவர்
இப்போது வேறொரு நாட்டில்
விடுதிக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுகிறார்.
ஒரு காசோலையில் ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்தார்,
அந்தக் கையெழுத்து அவரைக் கண்டுபிடித்துவிட்டது.

வானொலி கைகளை எண்ணுகிறது.
ஒன்றாவது பெயருக்கு டெல்ஃபினா தலை அசைத்தார்.
இரண்டுக்கு உதடு பிதுக்கினார்.
மூன்று, நான்கு, ஐந்து:
பென்சில் சீவினார்.
ஆறாவது பெயர் காலையில் மூன்று முறை தோற்ற பெயர்.
மேசை சாப்பிடப் போயிற்று.
திரும்பி வந்தபோது
இரண்டு கைகளுக்கு மனம் மாறியிருந்தது.
என்ன சாப்பிட்டார்கள் என்று வானொலி சொல்லவில்லை.

அவர் ஒரு வழக்கிலும் தோற்றதே இல்லையாம்.
தொடுத்தால்தானே.

எவரிஸ்டோ சோக் காலையிலிருந்து பெஞ்சில் இருக்கிறார்,
மடியில் சோடா பாட்டில், அதற்குள் பழுப்பாய்க் கொஞ்சம் ஆறு.
என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார்.
அட்டர்னி ஜெனரலுக்கு எங்கள் மொழியில் சொல் கிடையாது.
“எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருப்பவர்” என்றேன்.
“சாவியைக் கொடுக்கிறவன் வீட்டுப் பூட்டுக்குமா?”
அதை நான் ஸ்பானியத்தில் சொல்லவில்லை.
டெல்ஃபினாவுக்குப் புரிந்துவிட்டது.

அதிபர் நாளை தொடுவார். திங்களன்று பதவி ஏற்பு.
செவ்வாய்க்கிழமை ஒரு சுற்றறிக்கை வரும்,
‘மறுபரிசீலனைக்காக’ என்று மரியாதையாக.
அதன்பின் கோப்பு ஆறும்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

மணி நாலு பன்னிரண்டு.
நீதிமன்ற முத்திரை ஐந்துக்கு மூடும்.
“வாக்குமூலத்தை இப்போதே எடுப்போம்” என்றார்,
சூட்கேஸைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டு.
“ஒரு சொல்லும் விடாதீர்கள்.”

எவரிஸ்டோ செத்த மீன்களைப் பெயர் பெயராகச் சொன்னார்,
அவசரமே இல்லாமல்,
திருமணத்துக்கு அழைக்க வேண்டியவர்களைச் சொல்வதுபோல்.
மோஹாரா என்றேன், கெளுத்தி வகை என்றேன், நன்னீர் நண்டு என்றேன்.
ஒரு மீனுக்கு மட்டும் ஸ்பானியத்தில் பெயர் இல்லை.
விரல் நீளம், முதுகில் மஞ்சள் கோடு,
கல்லுக்கடியில் முட்டையிடும் என்றார்.
நான் தட்டச்சை நிறுத்தினேன்.
டெல்ஃபினா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“அவர் சொன்னபடியே அடியுங்கள்.”

அடித்தேன்.
அரசாங்கக் காகிதத்தில், பதினேழாம் வரியில்,
யாரும் மொழிபெயர்க்காத அந்த மீன்.

ஐந்தாக மூன்று நிமிடம்.
முத்திரை குத்தியவன் ஈர மையை வாயால் ஊதி
ரசீது கொடுத்தான்.
வெளியே அதே தூறல்.
பேருந்து நிலையம் இடப்பக்கம்,
அலுவலகம் வலப்பக்கம்.
குடை எங்கே என்று டெல்ஃபினா கேட்டார்.
யாருக்கும் தெரியவில்லை.